பேரப்பிள்ளை எழுதும் தேர்வும் பெரியோர் செய்யும் பிரார்த்தனையும்

சித்திரை மாதம் பிறந்துவிட்டால் சோழ நாட்டுத் திருக்கோயில்களில் ஒரு புதிய கூட்டத்தைக் காணலாம். உளுந்தும் பயறும் அறுவடையாகி வயல்கள் வெடித்துக் கிடக்கும் காலம் அது. திருவிழாவுக்கு வரும் அன்பர்களோடு, கையில் தேர்வு நுழைவுச்சீட்டை ஏந்திய மாணவ மாணவியரும் சந்நிதிகளில் நிற்பார்கள். அவர்களுக்கு ஓரடி பின்னால், அர்ச்சனைத் தட்டுடன் தாத்தாவும் பாட்டியும் நிற்பார்கள். குழந்தையின் பெயர், நட்சத்திரம், ராசி ஆகியவற்றைச் சொல்லி, "டாக்டர் சீட் கிடைக்கணும் சாமி" என்று குருக்களிடம் மெல்லச் சொல்வார்கள்.

மருத்துவக் கல்லூரிக்கான நுழைவுத் தேர்வாகிய நீட், பெரும்பாலும் மே மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமையில் நடைபெறுகிறது. தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் மருத்துவக் கனவு காணும் பிள்ளை உள்ள இல்லம் ஒவ்வொன்றிலும் அந்த ஞாயிறு ஒரு விரத நாள் போலவே எண்ணி எதிர்நோக்கப்படுகிறது. பிள்ளை படிக்கிறது, பெற்றோர் பொருள் தேடுகின்றனர், பெரியோர் பிரார்த்திக்கின்றனர். அந்தப் பிரார்த்தனை எவ்வாறு அமைய வேண்டும், நாம் எதைக் கேட்க வேண்டும் என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திப்பது நம் கடமை. நம் தலங்களின் வரலாறுகளே அதற்கு வழி காட்டுகின்றன.

பிள்ளை எதிர்கொள்ளும் தேர்வு எத்தகையது?

நம்மில் பலர் தம் மக்களைப் படிக்க வைத்த காலத்தில் நிலைமை வேறாக இருந்தது. தமிழகத்தில் 1984 முதல் 2006 வரை மாநில அரசு ஒரு நுழைவுத் தேர்வை நடத்தி வந்தது. பின்னர் அது நீக்கப்பட்டு, பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே மருத்துவ இடங்கள் நிரப்பப்பட்டன. 2017ஆம் ஆண்டு முதல் நாடு முழுமைக்கும் பொதுவான நீட் தேர்வே தமிழக மாணவர்களுக்கும் வாயிலாகியுள்ளது. இதன் நியாயம் குறித்துச் சட்டமன்றத்திலும் நீதிமன்றங்களிலும் நீண்ட வாதங்கள் நடந்துள்ளன. அவற்றுள் நாம் நுழைய வேண்டியதில்லை. தேர்வு எப்படிப்பட்டது என்பதை மட்டும் அறிந்துகொண்டால் போதும். பிள்ளையின் முகத்தில் தெரியும் களைப்புக்கு உரிய காரணம் நமக்கு விளங்கிவிடும்.

2025ஆம் ஆண்டுத் தேர்வில் 180 வினாக்கள். நேரம் 180 நிமிடங்கள். இயற்பியலில் 45, வேதியியலில் 45, உயிரியலில் 90. ஒரு வினாவைப் படித்து, கணக்கிட்டு, நான்கு விடைகளுள் ஒன்றைத் தேர்ந்து, விடைத்தாளில் உரிய வட்டத்தைக் கருமையாக்குவதற்குச் சராசரியாக ஒரு நிமிடமே உண்டு. சரியான விடைக்கு 4 மதிப்பெண். தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படும். எழுதாமல் விட்டால் கூட்டலும் இல்லை, கழித்தலும் இல்லை. மொத்தம் 720. தமிழிலும் இத்தேர்வை எழுதலாம்.

அவ்வாண்டு நாடு முழுவதும் 22 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்தேர்வை எழுதினர். 12 லட்சத்துக்கும் அதிகமானோர் தகுதி பெற்றனர். ஆனால் எம்.பி.பி.எஸ். இடங்களோ ஏறத்தாழ ஒரு லட்சத்து இருபதாயிரமே. "தேர்வில் தேறிவிட்டான், ஆனால் இடம் கிடைக்கவில்லை" என்று நாம் கேள்விப்படுவதன் பொருள் இதுதான். எழுதுவோரில் பதினெட்டுப் பேருக்கு ஒருவர் என்ற அளவிலேயே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைய முடிகிறது. மற்றப் பதினேழு பேரும் சோம்பேறிகள் அல்லர். அவர்கள் வீட்டிலும் விளக்கேற்றிப் பிரார்த்தித்திருப்பார்கள். இந்தக் கணக்கை மனத்தில் இருத்திக்கொண்டு திருத்தலங்களை நோக்கிச் செல்வோம்.

கணக்கு எழுதியவருக்குத் துணை நின்ற ஈசன்

கும்பகோணத்துக்கு அருகில் உள்ள இன்னம்பூர், தேவாரப் பாடல் பெற்ற திருத்தலம். 'இனன்' என்றால் சூரியன். சூரியன் நம்பி வழிபட்ட ஊராதலால் இன்னம்பூர் எனப் பெயர் பெற்றது என்பர். இங்கே எழுந்தருளியிருக்கும் பெருமானின் திருநாமம் எழுத்தறிநாதர். வடமொழியில் அட்சரபுரீசுவரர். அகத்திய முனிவர் இத்தலத்தில் தமிழ் இலக்கணத்தை உபதேசம் பெற்றார் என்பது தலவரலாறு. பள்ளியில் சேர்க்கும் முன் குழந்தைகளை இங்கே அழைத்து வந்து, நாவில் நெல்லால் எழுத்து எழுதச் செய்வது இன்றும் தொடரும் வழக்கம். நெல் விளையும் நாட்டில் கல்வியும் நெல்மணியின் நுனியிலிருந்தே தொடங்குகிறது!

இத்தலத்துக்கு மற்றொரு வரலாறும் உண்டு. தேர்வு எழுதும் பிள்ளை உள்ள வீட்டார் அனைவரும் அறிய வேண்டியது அது. முன்னொரு காலத்தில் சுதன்மன் என்னும் ஆதிசைவர் இக்கோயிலின் கணக்கை எழுதி வந்தார். ஒரு சமயம் சோழ மன்னன் அக்கணக்கில் ஐயம் கொண்டு அவரிடம் விளக்கம் கேட்டான். சுதன்மன் நேர்மையாகவே எழுதியிருந்தார். ஆயினும் மன்னன் முன் நிற்கும் அச்சத்தில் அவருக்கு விளக்கம் சொல்ல இயலவில்லை. மனம் கலங்கி எழுத்தறிநாதரிடம் முறையிட்டார். பெருமான் சுதன்மனின் உருவிலேயே அரசவைக்கு எழுந்தருளி, கணக்கை வரிவரியாக விளக்கி, மன்னனின் ஐயத்தைத் தீர்த்தருளினார். பின்னர் உண்மைச் சுதன்மன் அஞ்சியபடி அரசன் முன் சென்றபோது, "முன்னமே வந்து தெளிவாகச் சொல்லிவிட்டீரே, மீண்டும் ஏன் வந்தீர்?" என்று மன்னன் வினவினான். வந்தவர் யார் என்பது அப்போதுதான் இருவருக்கும் விளங்கியது.

இவ்வரலாற்றை ஊன்றி நோக்க வேண்டும். கணக்கை எழுதியவர் சுதன்மனே. ஆண்டு முழுவதும் ஓலையும் எழுத்தாணியுமாக உட்கார்ந்தவர் அவரே. பெருமான் அந்த வேலையை அவருக்காகச் செய்து கொடுக்கவில்லை. உழைத்து முடித்தவர் அச்சத்தால் தளர்ந்து நின்ற அந்த ஒரு நாழிகையில், அவருக்காக முன்வந்து நின்றார். அரசவை அன்று சுதன்மனுக்கு இருந்தது போலவே, தேர்வு அறை இன்று நம் பிள்ளைகளுக்கு இருக்கிறது. இரண்டு ஆண்டு படித்ததெல்லாம் மூன்று மணி நேர அச்சத்தில் மறந்துவிடக் கூடும். அந்த அச்சம் நீங்க வேண்டும் என்று கேட்பதே இன்னம்பூர்ப் பெருமானிடம் கேட்கத் தகுந்த வரம். கணக்கை எழுதாதவனுக்காக அவர் அரசவைக்குப் போனதாக எந்தப் புராணமும் சொல்லவில்லை.

கூத்தனூரில் அர்ச்சித்த பேனா

திருவாரூர் மாவட்டத்தில், மயிலாடுதுறை – திருவாரூர் மார்க்கத்தில் உள்ள பூந்தோட்டத்தை ஒட்டியது கூத்தனூர். கலைமகளுக்கெனத் தனிக் கோயில் அமைந்த அரிய திருத்தலம். சோழர் அவைக்களப் புலவர் ஒட்டக்கூத்தரின் பெயரால் வழங்கும் ஊர் இது. அன்னை சரஸ்வதியின் அருளால் அவர் கவிபாடும் ஆற்றல் பெற்றார் என்பது தலவரலாறு. விஜயதசமியன்று ஏடு தொடங்கும் மழலையரும், தேர்வுக் காலத்தில் பேனாவையும் நோட்டுப் புத்தகத்தையும் அன்னையின் பாதத்தில் வைத்துப் பெறும் மாணவரும் இங்கே திரள்வது நாம் அறிந்ததே.

இங்கே பெரியோர் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நீட் தேர்வு அறைக்குள் சொந்தப் பேனாவைக் கொண்டுசெல்ல அனுமதி இல்லை. எழுதுவதற்குரிய பேனாவைத் தேர்வு மையத்திலேயே தருவார்கள். கூத்தனூரிலிருந்து பக்தியோடு கொண்டுவந்த பேனா வாயிலிலேயே நின்றுவிட்டால் குழந்தையின் மனம் ஒரு கணம் துணுக்குறும். "பாட்டி கொடுத்த பேனா இல்லையே" என்ற எண்ணமே ஒரு பாரமாகிவிடும். ஆகவே அர்ச்சித்த பேனாவைத் தேர்வுக்கு முதல் நாள் கொடுக்காமல், படிப்புத் தொடங்கும் காலத்திலேயே கொடுத்துவிடுங்கள். விஜயதசமியன்று அன்னையின் பாதத்தில் வைத்து வாங்கிய பேனா, அடுத்த ஏழு மாதங்களும் அந்தப் பிள்ளையின் பயிற்சித் தாள்களில் ஓடட்டும். மை தீர்ந்தபின் புதிய குழல் இட்டு மீண்டும் எழுதட்டும். அருள் அந்தப் பேனாவிலிருந்து விரலுக்கும், விரலிலிருந்து அறிவுக்கும் ஏறிவிடும். அதை எந்தக் காவலரும் வாயிலில் தடுக்க முடியாது.

நவக்கிரகத் தலங்களில் புதனுக்குரிய திருவெண்காடும், குருவுக்குரிய ஆலங்குடியும் கல்வி வேண்டுவோர் செல்லும் திருத்தலங்களே. ஆயினும் தேர்வுக்கு முந்தைய மாதத்தில் பிள்ளையைத் தலம் தலமாக அழைத்துச் செல்வதைத் தவிர்ப்பது நலம். சித்திரை வெயிலில் நாள் முழுதும் பேருந்தில் அலைந்தால் இரண்டு நாள் படிப்பு போய்விடும், உடல்நலமும் கெடலாம். அக்காலத்தில் பெரியோர் தாமே சென்று, பிள்ளையின் பெயரில் சங்கல்பம் செய்து, திருநீறும் குங்குமமும் கொண்டுவந்து கொடுத்தால் போதுமானது.

வைத்தியம் செய்ய வந்த முதியவர்கள்

மருத்துவனாக வேண்டும் என்று பிள்ளை விரும்புகிறது. எத்தகைய மருத்துவனாக வேண்டும்? இதற்கும் காவிரி நாட்டுத் தலங்கள் விடை சொல்கின்றன.

புள்ளிருக்குவேளூர் எனப்படும் வைத்தீசுவரன் கோயிலில் இறைவனே வைத்தியநாதர். அன்னை தையல்நாயகி தைலப் பாத்திரம் ஏந்தி அவரோடு வந்தாள் என்பர். சித்தாமிர்தத் தீர்த்தமும், திருச்சாந்துருண்டை என்னும் பிரசாதமும் நோய் தீர வேண்டி வரும் அடியார்க்கு அருமருந்து. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: மருத்துவராகிய ஐயனுடன் மருந்து ஏந்திய அம்மையும் எழுந்தருளியிருக்கிறாள். வைத்தியம் ஒருவரால் மட்டும் நிறைவேறுவதன்று. அருகில் நின்று பரிவோடு பேணுபவரும் வேண்டும்.

திருவிசநல்லூருக்கு அருகே, வயல்களின் நடுவே அமைந்த திருந்துதேவன்குடியை நண்டாங்கோயில் என்று ஊரார் அழைப்பர். நண்டு வழிபட்டதால் இறைவன் கற்கடேசுவரர். அம்பிகை அருமருந்து நாயகி. சோழ மன்னன் ஒருவன் தீராத வாத நோயால் முடங்கிக் கிடந்தான். அரண்மனை வைத்தியர்கள் கைவிட்ட நிலையில், வயது முதிர்ந்த கணவனும் மனைவியும் வைத்தியராக வந்தனர். திருநீற்றை நீரில் கரைத்துக் கொடுத்தனர். மன்னன் எழுந்து நடந்தான். அவன் அவர்களை அரண்மனை மருத்துவராக இருக்கும்படி வேண்டிப் பொன்னும் பொருளும் அளிக்க முற்பட்டான். முதியவர்கள் அவற்றை ஏற்கவில்லை. வழிபாடின்றிக் கிடந்த சிவலிங்கத்துக்குக் கோயில் எழுப்பும்படி கூறி மறைந்தனர். வந்தவர்கள் அம்மையும் அப்பனுமே என்று மன்னன் உணர்ந்தான்.

இறைவன் இளைஞனாக வரவில்லை. தாத்தாவும் பாட்டியுமாக வந்தான்! நோய் தீர்த்தபின் பொருளை ஏற்கவும் இல்லை. மருத்துவம் படிக்க விரும்பும் பேரனுக்கு, பேத்திக்கு இந்தக் கதையைச் சொல்லத் தகுந்தவர் நம்மைவிட யார்? டாக்டரானால் இத்தனை லட்சம் சம்பாதிக்கலாம், இத்தனை பவுன் சேர்க்கலாம் என்ற பேச்சை அந்தக் குழந்தை ஊரெல்லாம் கேட்கிறது. வீட்டில் ஒருவராவது வேறு ஒன்றைச் சொல்ல வேண்டும்.

சோழர் காலத்தில் மருத்துவசாலைக்கு ஆதுலசாலை என்று பெயர். முதலாம் இராசராசனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார், தம் தந்தை சுந்தர சோழரின் பெயரால் தஞ்சையில் ஆதுலசாலை அமைத்து, அதற்கு நிலமும் அளித்தார். காஞ்சிபுரம் பகுதியில் உள்ள திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயிலில், 11ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உள்ளது. கோயிலைச் சார்ந்து ஒரு கல்விச்சாலையும், மாணவர் தங்கும் விடுதியும், 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலையும் இயங்கியதை அது தெரிவிக்கிறது. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகை கொண்டுவருவோர், நோயாளரைப் பேணும் பெண்கள், நாவிதர், நீர் கொண்டுவருபவர் என அனைவரின் பணியும் ஊதியமும் அதில் குறிக்கப்பட்டுள்ளன. மருத்துவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும் ஊதியம். மருத்துவரை எழுதிய அதே கல்லில், தண்ணீர் கொண்டுவருபவரையும் மறவாமல் எழுதினார்கள் நம் முன்னோர்.

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் தன்வந்திரி மகாலை நிறுவி மருந்துகளை ஆராயச் செய்தார். கண் நோய்களுக்குச் செய்த சிகிச்சையைப் படங்களுடன் பதிவு செய்து வைத்தார். அப்பதிவுகள் இன்றும் சரஸ்வதி மகாலில் உள்ளன. இந்த மரபின் தொடர்ச்சியாகவே தஞ்சை மருத்துவக் கல்லூரியையும், 2010இல் தொடங்கிய திருவாரூர் மருத்துவக் கல்லூரியையும், 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட நாகை, அரியலூர் மருத்துவக் கல்லூரிகளையும் காண வேண்டும். நம் பிள்ளை நுழைய விரும்பும் வாயில் புதியதன்று; ஆயிரம் ஆண்டுகளாக இந்த மண்ணில் திறந்திருக்கும் அறத்தின் வாயில்.

வேண்டுதல் பாரமாகக் கூடாது

இனி, கூற மனம் தயங்கும் ஒன்றையும் கூறியாக வேண்டும்.

2017ஆம் ஆண்டு, காவிரிப் படுகையை ஒட்டிய அரியலூர் மாவட்டத்தின் குழுமூரில், கூலித் தொழிலாளியின் மகளாகிய அனிதா என்னும் மாணவி பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்றிருந்தார். நீட் தேர்வின் வழியே மருத்துவ இடம் கிடைக்காத நிலையில் உச்ச நீதிமன்றம் வரை சென்றார். அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் உயிர் துறந்தார். அதன்பின் அதே மாவட்டத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது. அதிலுள்ள அரங்கம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. எந்தக் கல்லூரிக்குள் ஒரு மாணவி நடந்து சென்றிருக்க வேண்டுமோ, அங்கே அவர் பெயர் மட்டும் இருக்கிறது. அவருக்குப் பின்னும் தமிழகத்தில் பல இளம் உயிர்கள் இத்தேர்வை ஒட்டிப் பிரிந்தன. ஒரு மரணத்துக்குக் காரணம் ஒன்றே என்று சொல்லிவிட இயலாது. ஆனால் தோல்வி அடைந்தால் வீட்டார் முகத்தில் எப்படி விழிப்பது என்ற எண்ணம் ஒரு குழந்தையை எவ்வளவு தூரம் துரத்தும் என்பதை நாம் அறிந்துகொண்டுவிட்டோம்.

நம் அன்பே சில வேளைகளில் அந்த எண்ணத்தை ஊட்டிவிடுகிறது. "நீ டாக்டரானால்தான் என் கட்டை வேகும்" என்று தாத்தா அன்பினால் சொல்கிறார். "உனக்காக நாற்பத்தெட்டு நாள் விரதம் இருக்கேன், கைவிட்டுடாதே" என்று பாட்டி சொல்கிறாள். "அத்தை மகனுக்குக் கிடைச்சுதே" என்று உறவினர் சொல்கிறார். கோச்சிங் கட்டணத்துக்காக அடமானம் வைத்த நகையும், குத்தகைக்கு விட்ட வயலும் நாள்தோறும் பேச்சில் வந்து போகின்றன. குழந்தை எதுவும் மறுமொழி சொல்வதில்லை. ஆனால் புத்தகத்தைத் திறக்கும்போது விரதமும் நகையும் வயலும் எழுத்துகளுக்கு இடையே வந்து நிற்கின்றன.

விரதம் இருப்பது நம் உரிமை. அதைக் குழந்தையிடம் கணக்குச் சொல்வது தேவையற்றது. நேர்த்திக்கடனும் அவ்வாறே. "இடம் கிடைத்தால் முடி காணிக்கை தருகிறேன்" என்று வேண்டிக்கொண்டால், கிடைக்காத நிலையில் குழந்தை சாமியையும் ஏமாற்றிவிட்டதாக எண்ணும். அதற்கு மாறாக, "தேர்வு எப்படி முடிந்தாலும், இந்தப் பிள்ளை நலமாக வீடு திரும்பினால் வந்து அபிஷேகம் செய்கிறேன்" என்று வேண்டிக்கொள்ளுங்கள். அந்த வேண்டுதலைப் பிள்ளையின் காதில் விழும்படியே சொல்லுங்கள். அது நூறு புத்தகங்கள் தராத தெம்பைத் தரும்.

பிள்ளை சரியாக உண்ணாமல் இருந்தாலோ, இரவெல்லாம் உறங்காமல் விழித்திருந்தாலோ, எவரோடும் பேசாமல் ஒதுங்கினாலோ, வாழ்வில் வெறுப்புற்றது போல் ஒரு சொல் சொன்னாலோ, "திருஷ்டி பட்டிருக்கும்" என்று சுற்றிப் போடுவதோடு நின்றுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து பேசச் செய்யுங்கள், தனியே விடாதீர்கள், பெற்றோரிடம் உடனே தெரிவியுங்கள். தமிழக அரசின் 104 என்ற எண்ணிலும், மனநலத்துக்கான 14416 என்ற எண்ணிலும் அழைத்தால் ஆலோசகர்கள் பேசுவார்கள். வைத்தியநாதரை வழிபடுபவர் வைத்தியரை நாடுவதில் கூச்சமடைய என்ன இருக்கிறது?

தேர்வு நாளில்

தேர்வு பிற்பகல் 2 மணிக்குத் தொடங்கும். 1.30 மணிக்கு வாயில் மூடப்படும். அதன்பின் எவரையும் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே அன்று காலை வெளியூர்க் கோயிலுக்குச் செல்லும் எண்ணம் வேண்டாம். வீட்டுப் பூஜையறையில் ஒரு தீபம் போதும். சங்கிலி, மோதிரம், தோடு, உலோகத் தாயத்து ஆகியவற்றுக்கு அனுமதி இல்லை. வாயிலில் அவற்றைக் கழற்றச் சொல்லும்போது குழந்தை கலங்காதிருக்க, முந்தைய நாளே கழற்றிச் சாமி படத்தருகே வைத்துவிடுங்கள். "இது இங்கே சாமியோடு இருக்கட்டும், நீ வந்து போட்டுக்கொள்" என்று சொல்லுங்கள். காலணியாகச் செருப்பும், உடையாக அரைக்கை வைத்த எளிய ஆடையும் போதும்.

அன்று விரதம் என்று சொல்லிக் குழந்தையைப் பட்டினி போடாதீர்கள். இட்லியோ தயிர் சாதமோ, வயிற்றுக்குப் பழகிய எளிய உணவே ஏற்றது. தேர்வு முடிந்து வெளியே வந்ததும் "எத்தனை மார்க் வரும்?" என்று கேட்பதைத் தவிருங்கள். "பசிக்கிறதா?" என்பதே முதல் கேள்வியாக இருக்கட்டும்.

குறுவை தவறினால் சம்பா உண்டு

தேர்வு முடிவு பெரும்பாலும் ஜூன் மாதத்தில் வெளியாகிறது. மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12 என்பது காவிரி நாட்டார் அனைவரும் அறிந்தது. ஒரே மாதத்தில் அப்பா ஆற்று நீருக்கும், பிள்ளை மதிப்பெண்ணுக்கும் காத்திருக்கின்றனர்.

அணை எப்போதும் குறித்த நாளில் திறந்ததா? 2020இல் ஜூன் 12 அன்று நீர் திறக்கப்பட்டபோது, அவ்வாறு உரிய நாளில் திறந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. 2024இல் ஜூலை மாதக் கடைசியில்தான் தண்ணீர் வந்தது. அத்தகைய ஆண்டுகளில் குறுவை நட முடியாமல் போனதுண்டு. அதற்காக எந்த உழவரும் கலப்பையை உடைத்து அடுப்பில் வைக்கவில்லை. விதை நெல்லைக் காத்து வைத்து, சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டார். குறுவை குறுகிய காலப் பயிர்; சம்பா நீண்ட காலப் பயிர். நீண்டு வளர்வதால் சம்பா தாழ்ந்த நெல்லாகிவிடுமா? இந்த அறிவு நம் இரத்தத்தில் ஊறியது. வயலுக்குச் சொல்லும் நியாயத்தை வீட்டுப் பிள்ளைக்கு மறந்துவிடலாமா?

நீட் தேர்வை எத்தனை முறை வேண்டுமானாலும் எழுதலாம்; உச்ச வயது வரம்பும் 2022இல் நீக்கப்பட்டுவிட்டது. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் பயின்றவர்களுக்கு, 2020ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 7.5 விழுக்காடு இடங்கள் தனியே ஒதுக்கப்படுகின்றன. முதலாண்டிலேயே 400க்கும் மேற்பட்ட மாணவர்கள் இதன்வழி மருத்துவ, பல் மருத்துவ இடங்களைப் பெற்றனர். இவ்வாறு சேர்வோரின் கல்விக் கட்டணத்தை மாநில அரசே ஏற்கிறது. நீட் மதிப்பெண்ணால் சித்த மருத்துவமும் பயிலலாம். பிளஸ் டூ மதிப்பெண்ணைக் கொண்டே சேரக்கூடிய செவிலியர் படிப்பும், கால்நடை மருத்துவமும், வேளாண் படிப்பும் உள்ளன. கால்நடை மருத்துவக் கல்லூரி தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டிலேயே இருக்கிறது. வேளாண் கல்லூரிகள் ஈச்சங்கோட்டையிலும் கீழ்வேளூரிலும் உள்ளன. மருத்துவரோடு மூலிகை கொண்டுவருபவரையும், நோயாளரைப் பேணுபவரையும் சேர்த்தே கல்வெட்டில் பொறித்தவர்களின் வழிவந்த நமக்கு, இவற்றுள் எதுவும் தாழ்ந்த தொழில் அன்று.

மீண்டும் எழுத விரும்பும் பிள்ளையை மீண்டும் எழுத விடுங்கள். போதும் என்று சொல்லும் பிள்ளையை வற்புறுத்தாதீர்கள். எழுத வேண்டிய கணக்கு அதனுடையது.

இவ்வாண்டு சந்நிதியில் பேரப்பிள்ளையின் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லி அர்ச்சனை செய்யும்போது, படித்தது மறவாதிருக்கவும், தெரியாததை விட்டுவிடும் தெளிவு கிட்டவும், கை நடுங்காதிருக்கவும், முடிவு எதுவானாலும் அதைத் தாங்கும் நெஞ்சம் வாய்க்கவும் வேண்டிக்கொள்வோம். பிரசாதத்தை வாங்கிவந்து பிள்ளையின் நெற்றியில் இடும்போது, "நீ எது ஆனாலும் நீ எங்க பிள்ளைதான்" என்று ஒரு சொல் சொல்வோம். சுதன்மனுக்காக அரசவை வரை நடந்த எழுத்தறிநாதர், அந்தச் சொல்லைக் கேட்டு நிச்சயம் மகிழ்வார்.